ரசமட்டம் வைத்து எடுத்த படங்கள்

என்னைத் தனியாக நிற்க வைத்து என் வீட்டுக்காரர் எடுத்த படங்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதில் ஒன்றில் முக்கால்வாசி வானம். அடியில் கழுத்து வரைக்கும் நான். ஆனால் எங்கள் ஊர்ப் பாலத்தை அவர் எடுத்த படங்களுக்குக் கணக்கே கிடையாது. காலையில் எடுத்தது, சாயங்காலம் எடுத்தது, பஸ் போகும்போது எடுத்தது, பஸ் போன பிறகு எடுத்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கல்யாண ஆல்பம் காட்டச் சொன்னால்கூடப் பாலத்தைத்தான் முதலில் பார்த்தாக வேண்டும்.

பார்த்து ரசிக்கிற அளவுக்கு அது பெரிய பாலமும் அல்ல. மலையாள எல்லைக்குள் இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குப் போகிற ரோட்டில் ஆற்றைக் கடக்க ஒரு கான்கிரீட் பாலம். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே மூன்று தூண்கள். இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் கைப்பிடி. எந்தக் கட்சி ஜெயித்தது, எந்தக் கட்சி தோற்றது என்று அதன் முனைச் சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மழைக்காலத்திலும் மேலே டேமில் தண்ணீர் திறந்துவிடும்போதும் கீழே ஆறு ஓடும். மற்ற நாளில் பாறையும் கோரைப்புல்லும் நாலைந்து கொக்கும்தான். அக்கரையில் பாலம் முடிகிற இடத்தில் என் அண்ணனுடைய உரக்கடை. நான் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். தினமும் காலையில் போவதும் சாயங்காலம் வருவதும் அந்தப் பாலத்தின்மேல் போகிற பஸ்ஸில்தான்.

படம் எடுக்கிற பழக்கம் அவருக்கு இடுப்பு வலியோடு சேர்ந்து வந்தது. பைக்கிலிருந்து விழுந்து, குனிந்து எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தென்னைக்குத் தண்ணீர் கட்டுவதும் வாழை வெட்டுவதும் ஆட்கள் கைக்குப் போனது. காலையும் மாலையும் நடக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு மிச்சம். ஆட்கள் செய்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது அவருக்கும் கஷ்டம், ஆட்களுக்கும் கஷ்டம், எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பெங்களூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் புதுக் கேமரா வாங்கியபோது, பழையதை அப்பாவுக்கு அனுப்பி வைத்தாள். லென்ஸைத் திருப்பினால் மாட்டிக்கொள்கிறது, அதை மட்டும் தொடாதீர்கள் என்று போனில் சொன்னாள். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதனால் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுவது, கிட்டத்தில் இருப்பதை விரிவாகக் காட்டுவது என்ற வித்தையெல்லாம் அவரிடம் இல்லை. ஆற்றங்கரையில் துணி துவைக்கிற கல் ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்று எடுப்பார். பாலம் முழுவதும், பின்னால் அக்கரையின் பனைமரங்களும் சேர்ந்து விழுவது அங்கேயிருந்துதான் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

எடுப்பதோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் கேமராவை ஒயரால் டிவியில் மாட்டி, இரண்டு இரண்டு படமாக மாற்றி மாற்றிப் போடுவார். எது நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். சீரியலும் போச்சு, பரீட்சைப் பேப்பர் திருத்துவதும் போச்சு. முதலில் ஒரு வாரம் அக்கறையாகப் பார்த்தேன். அப்புறம் தலையைத் தூக்காமலேயே "ரெண்டாவது" என்று சொல்லப் பழகினேன். ஒருநாள் அப்படித்தான், இரண்டாவதில் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்று ஒரு காரணமும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். இரண்டு தடவையும் ஒரே படத்தைத்தான் போட்டிருக்கிறார். கணக்கு டீச்சர் வீட்டில் ஒன்றும் ஒன்றும் ஒன்று என்று மகளிடம், அண்ணனிடம், பால் ஊற்ற வருகிறவரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. மாப்பிள்ளை கேமராவும் கையுமாகப் பாலத்தடியில் நிற்பதைக் கடையில் உட்கார்ந்தபடியே தினமும் பார்க்கிறார். ஒருநாள் சாயங்காலம் கடையை விட்டு இறங்கி வந்து தன் மொபைலில் ஒரே ஒரு படம் எடுத்தார். அதில் இருந்த ஏதோ ஒரு பொத்தானை அமுக்கி வானத்தை ஆரஞ்சு நிறமாக்கி, ஆற்றில் இல்லாத தண்ணீரையும் மினுமினுக்க வைத்து, மேலே தாமரைப்பூவும் காலை வணக்கமும் சேர்த்து உறவுக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, கோயமுத்தூர் ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக இதயப்படம் போட்டார்கள். இது எந்த ஊர்ப் பாலம், சுவிட்சர்லாந்தா என்று ஒருவர் கேட்டிருந்தார். அன்றைக்கு இரவு இவர் ரசம்கூட ஊற்றிக்கொள்ளாமல் கை கழுவினார். கடைசியில், அது பாலமில்லை, பாயசம் என்று மட்டும் இவர் சொன்னார்.

பதிலுக்கு இவரும் தன் படத்தைக் குரூப்பில் போட்டார். இரண்டு இதயம்தான் வந்தது. ஒன்று என்னுடையது. மகள் வீடியோவில் வந்து இரண்டையும் பார்த்து, அப்பா எடுத்ததில் பாலம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, கேமராவை நேராகப் பிடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். உண்மைதான். சித்திரையில் எடுத்த படங்களையெல்லாம் ஓட்டிப் பார்த்தால், சிலதில் பாலம் இடப்பக்கம் சரிகிறது, சிலதில் வலப்பக்கம். அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது டிவி முன்னால் உட்கார்ந்து தலையைச் சாய்த்து வைத்துப் பார்த்தார்.

"மாப்ள, உங்க இடுப்பு வலி படத்துக்கும் வந்துருச்சாட்ட இருக்குதுங்க."

நான் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன். அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் வீம்பு வந்துவிட்டது. பொள்ளாச்சிக்குப் போய் ஒரு ஸ்டாண்ட் வாங்கி வந்தார். அது போதாதென்று, எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடமிருந்து ரசமட்டத்தை இரவல் வாங்கிக்கொண்டார். கல்லின்மேல் ஸ்டாண்டை ஊன்றி, கேமராவின் தலையில் ரசமட்டத்தை வைத்து, உள்ளே இருக்கிற குமிழி நட்டநடுவில் வந்து நிற்கிற வரைக்கும் ஸ்டாண்டின் காலை ஏற்றி இறக்குவார். பஸ்ஸில் போகிற எங்கள் ஊர்க்காரர்கள், டீச்சர், உங்க ஊட்டுக்காரர் ஆத்துக்கு மாடி கட்டறாருங்களா என்று என்னைக் கேட்டார்கள்.

அந்த வருஷம் ஆடி மழை பலமாகவே பெய்தது. ஆறு கரை தொட்டுப் போனது. ஒரு வாரம் அவரால் கல்லுக்குப் போக முடியவில்லை. வெள்ளம் வடிந்ததும் ரசமட்டத்தோடு போய் நின்றுவிட்டார். அன்று இரவு படத்தை டிவியில் போட்டார். பாலம் மறுபடியும் சாய்ந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அவர் குமிழியைப் பார்த்தபடி எடுத்தது என்று சத்தியம் செய்தார். ரசமட்டமே கோணலா என்று கொத்தனாரிடம் போய்க் கேட்டார். கொத்தனார் தன் பூச்சைத் தடவிக் காட்டி, உங்கள் மாட்டைக் கேளுங்கள் என்றாராம். அண்ணன் விடுவாரா. கேமராவுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்றார். இவர் இரண்டு நாள் ஆற்றுப் பக்கமே போகவில்லை. அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஓணப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். ஒரு கணக்கில் நாலைந்து பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருந்தார்கள். எனக்கு அது புதிதல்ல. பிள்ளைகள் தானாகச் செய்கிற தப்பு ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். எல்லோருடைய தப்பும் ஒரே விதமாக இருந்தால் காரணம் வேறே எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து பெஞ்சைப் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் நானே போர்டில் தப்பாக எழுதியிருப்பேன். அந்தத் தடவை நான்தான் தப்பாக எழுதிப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். டிவியில் பாலம் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கு அப்புறம் எடுத்த படங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறிக்கொண்டே இருக்கின்றன. எல்லாவற்றிலும் பாலம் வலப்பக்கம்தான் இறங்குகிறது. ஒன்றில்கூட இடப்பக்கம் இல்லை.

"ஏனுங்க, சித்திரையில எடுத்ததைக் கொஞ்சம் போடுங்க" என்றேன்.

அவருக்கு என் குரலில் சந்தேகம். மறுபடியும் கேலி செய்யப்போகிறேன் என்று நினைத்திருப்பார். முணுமுணுத்துக்கொண்டே போட்டார். சித்திரைப் படங்களில் பாலம் சரிந்திருந்தது. அதோடு சேர்ந்து பின்னால் பனைமரங்களும் சரிந்திருந்தன. கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் எல்லாம்தானே சாயும். மழைக்கு அப்புறம் எடுத்ததில் பனைமரங்கள் குச்சி நட்ட மாதிரி நேராக நின்றன. பாலத்திலும் முக்கால் பாகம் நேர்தான். அண்ணன் கடைப்பக்கத்துத் தூணுக்கு வரும்போது மட்டும் இறங்கியிருந்தது.

"பனைமரம் நேரா நிக்குதுங்க" என்றேன். "கேமரா சாயலைங்க. பாலந்தான் சாஞ்சிருக்குது."

அவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். முதலில் அவர் முகத்தில் வந்தது பயமோ கவலையோ இல்லை, சந்தோஷம். ரசமட்டம் நல்ல ரசமட்டம், கை நல்ல கை, இனி உங்கள் அண்ணன் என்ன சொல்லுவார் பார்க்கலாம் என்றார். அரை நிமிஷம் கழித்துத்தான் பாலம் என்ற சொல் அவருக்கு உறைத்தது. நாற்காலியில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, அது எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கேட்டார்.

அடுத்த நாள் கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோவில் சித்திரையில் எடுத்ததில் சாயாமல் விழுந்த நல்ல படம் ஒன்றையும், மழைக்கு அப்புறம் எடுத்ததில் ஒன்றையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் படம் வரையக் கொடுக்கிற, அடியில் இருப்பது தெரிகிற பட்டர் பேப்பரை முதல் படத்தின்மேல் வைத்து, பாலத்தையும் தூண்களையும் பனைமரங்களையும் பென்சிலால் கோடு இழுத்தேன். அந்தப் பேப்பரை இரண்டாவது படத்தின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தேன். கல்லும் அதே கல், லென்ஸும் திருப்பாத லென்ஸ். பனைமரத்தோடு பனைமரம் பொருந்தியது. எங்கள் கரைப்பக்கம் பொருந்தியது. முதல் தூணும் இரண்டாவது தூணும் பொருந்தின. மூன்றாவது தூணில் மட்டும் என் பென்சில் கோட்டுக்குக் கீழே பாலம் தனியாகத் தெரிந்தது. தீக்குச்சி பருமன் இருக்கும். பேப்பரில் தீக்குச்சி என்றால் ஆற்றில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய் பறிக்கிற தொரட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் முழங்கால் அளவுதான், தெளிந்து ஓடியது. அவர் குனிய முடியாது என்பதால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் இறங்கினேன். முதல் தூணின் அடியில் தொரட்டியால் குத்தினேன், கான்கிரீட்டில் டங்கென்று இடித்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது தூணுக்குப் போனபோது தண்ணீர் சுழன்றுகொண்டு ஓடியது. தூணின் அடியில் தொரட்டியை விட்டேன். இடிக்கவில்லை. உள்ளே போனது. இன்னும் அழுத்தினேன், என் தோள் தண்ணீரைத் தொடுகிற வரைக்கும் போனது. தூணுக்குக் கீழே மணலே இல்லை. திரும்பிப் பார்த்தால் இவர் கல்லின்மேல் நின்று கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறார்.

"அம்மிணி, கொஞ்சம் எடப்பக்கம் தள்ளு. நீ தூணை மறைக்கற."

அவரோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் தொரட்டி கையில் இருக்கும்போது அவர் பேசிய ஆபத்தான பேச்சு அதுதான். ஆனாலும் தள்ளி நின்றேன்.

எங்கள் வார்டு மெம்பர் பக்கத்துத் தோட்டத்து அம்மா. நல்ல மாதிரி. விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் கடையில் உரம் வாங்குகிற எல்லோருக்கும் சாய்ந்த படத்தின் கதை தெரிந்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர் எடுத்தால் மலம்புழா டேம்கூடச் சாய்ந்துதான் இருக்கும் என்றார். நான் பேசாமல் பட்டர் பேப்பரையும் படத்தையும் அவர் வீட்டு ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். தொரட்டி உள்ளே போன கதையையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. அங்கேயே போனை எடுத்தார். அடுத்த நாள் பொதுமராமத்து ஆபீஸில் அபேட்சை மனு கொடுத்தோம். கூடவே சேர்த்துக் கொடுக்க இவர் தேர்ந்தெடுத்த படம், நான் சேலையைத் தூக்கிச் செருகித் தொரட்டியோடு முதுகு காட்டிக் குனிந்து நிற்கிற படம். அளவு தெரிய வேண்டும் அல்லவா என்றார். ஆபீஸில் மேஜை மேஜையாக அது போய் வந்ததை நான் நின்று பார்த்தேன்.

எஞ்சினியர் சின்னப் பெண். எங்கள் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். மலையாளத்தில் கொஞ்சமாகத்தான் பேசினாள். பட்டர் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது ஆரா வரச்சது, டீச்சர்?"

நான்தான் வரைந்தேன் என்றேன். படத்தை மட்டும் நம்ப முடியாது, நேரில் அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே கருவியோடும் ஆட்களோடும் வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் அவள் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு வந்து, நம்முடையதைவிடக் கனம் என்றார். மத்தியானத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. அவள் ரோட்டின் நடுவே நின்று, வந்துகொண்டிருந்த ஒரு லாரியைக் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த நிமிஷத்திலிருந்து பஸ்ஸும் லாரியும் பாலத்தில் ஏறக்கூடாது. நடந்தும் இரண்டு சக்கர வண்டியிலும் போகலாம். மழை வந்தால் அதுவும் கூடாது.

ஊர் எங்களைக் கொண்டாடும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ, ஆளை வீட்டுக்கு வரவழைத்து முடி வெட்டிக்கொண்டார். நடந்தது வேறே. பஸ் வாய்க்கால் ஓரமாகப் போகிற கனால் ரோட்டைச் சுற்றிப் போனது. வயசானவர்கள் பாலத்தை நடந்து தாண்டி அக்கரையில் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமான் ஏற்றிய வண்டி திரும்பிப் போனது. நல்லா இருந்த பாலத்தை ஒருத்தர் போட்டோ எடுத்தே கெடுத்துப்போட்டார் என்று என் காதுபடவே பேசினார்கள். அவ்வளவு படம் எடுத்தால் எதற்குத்தான் கண்ணுபடாது என்று டீக்கடைக்காரர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அதை நம்பினவர்கள் எஞ்சினியர் சொன்னதை நம்பினவர்களைவிட அதிகம்.

அண்ணனுக்குத்தான் அடி பலம். எங்கள் கரைத் தோட்டக்காரர்கள்தான் அவருடைய பாதி வியாபாரம். மூட்டையை யார் பைக்கில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டுவார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதை நிறுத்தினார். பாலத்தின் தலைமாட்டில் வைத்திருந்த தகர டிரம்களையும் சிவப்புத் துணியையும் மொபைலில் எடுத்து, வானத்தை மாற்றாமல், தாமரைப்பூ வைக்காமல், "நன்றி மாப்ள" என்று எழுதிக் குரூப்பில் போட்டார். கோயமுத்தூர் ஒறம்பரை விவரம் தெரியாமல் அதற்கும் இதயம் போட்டார்கள். இவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரி டிவியில் கேமராவை மாட்டவில்லை. நான் சீரியலைப் போட்டுவிட்டு, அதில் யார் யாருக்கு மருமகள் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மேலே மலையில் நல்ல மழை. டேமைத் திறக்கப்போவதாக மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். சுற்றிப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமாகும், மழை விட்டதும் நடந்தே தாண்டிவிடலாம் என்று நான் அக்கரையில் அண்ணன் கடைக்கு வந்து சேர்ந்தேன். அண்ணனுக்கு என்மேல் கோபமில்லை, ஸ்டூலை எடுத்துப் போட்டார். ஆறு சிவந்துபோய் ஓடியது. சாயங்காலம் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்றாவது தூண் அப்படியே கீழே அமுங்கியது. அதன் மேலிருந்த தளம் ஒருபக்கம் மடிந்து தண்ணீருக்குள் தலையை வைத்தது. கைப்பிடிக் குழாய்கள் வளைந்து ஆற்றுக்குள் போயின. பாலத்தில் ஒருவரும் இல்லை.

நாங்கள் தினமும் வருகிற பஸ் அதில் ஏறுகிற நேரம்தான் அது.

என் போன் அடித்தது. இவர்தான், எங்கள் தோட்டத்துக் கரையில் நின்றுகொண்டு. மழையில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். அண்ணன் கடையில் என்றேன். சரி என்றார். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நீ எப்பவும் டிரைவருக்குப் பின்னாடி ஜன்னலோரத்துலதான உக்காருவ" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"மாப்ள, அம்மிணி இங்கதான் இருக்குதுங்க. ராத்திரி நம்ம ஊட்லயே இருக்கட்டும். நீங்க நனையாம போய்ச் சேருங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எடுத்த படமெல்லாம் எனக்கு அனுப்புங்க" என்றார்.

அன்று ராத்திரி வீட்டில் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தன் மொபைலில் அந்தச் சுவிட்சர்லாந்துப் படத்தைத் திறந்தார். இரண்டு விரலால் விரித்து விரித்து மூன்றாவது தூணைத் தேடினார். ஆரஞ்சு வெளிச்சத்தில் தூண் கரைந்துபோயிருந்தது. அந்த இடத்தில் தாமரைப்பூவின் ஒரு இதழ்தான் இருந்தது. அதை அணைத்துவிட்டு, இவர் அனுப்பியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அண்ணி சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் வேலை ஆரம்பித்தது. வெயில் காலம் முழுவதும் ஆற்றுக்குள் இயந்திரங்கள் நின்றன. விழுந்த பாகத்தை எடுத்துவிட்டு, இந்தத் தடவை அடிப்பாறை வரைக்கும் தோண்டிப் புதுத் தூண் எழுப்பினார்கள். வேலை எப்படிப் போகிறது என்று எஞ்சினியர் பெண் இவரிடம் படம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். தான் வராத நாளில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மேஸ்திரிக்கு இவரைக் கண்டாலே ஆகாது. அண்ணன் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை சுற்று வழியில் சாப்பிட வந்தார். இவர் எடுத்த படங்களைப் பார்த்து, இதில் வெளிச்சம் போதாது, அதில் மேகம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். அந்த வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகப் பேப்பர் திருத்தினேன்.

பாலம் திறக்கிற அன்று வாழைமரம் கட்டி, மாலை போட்டு, இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் கூடியிருந்தார்கள். புதுத் தளத்தின் கைப்பிடியில் முகம் எழுதின பெரிய திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று தொங்கியது. டீக்கடைக்காரர் தன் செலவில் வாங்கிக் கட்டியது. இவர் கேமராவும் ஸ்டாண்டுமாகக் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றதும் நாலு பேர் மரியாதையாகக் கும்பிட்டார்கள். பிறகு டீக்கடைக்காரர் அருகே வந்து, கோவிச்சுக்காதீங்க, முதல் பஸ் தாண்டுற வரைக்கும் கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். மெம்பர் அம்மாவும் அதுதான் நல்லது என்றார். என் அண்ணனே இவர் தோளில் கைபோட்டுத் தள்ளியிருந்த ரோட்டோர வேப்பமரம் வரைக்கும் அழைத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்தார்.

நான் முதல் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து பாலத்தைத் தாண்டினேன். வேப்பமரத்தடியில் அவர் தலையைத் தாழ்த்திக் குமிழியைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன். அவர் நிமிரவில்லை.